ஜார்ஜ் ஜோசப்

ஜார்ஜ் ஜோசப் (ஜூன் 5, 1887 – மார்ச் 5, 1938) மதுரையில் வாழ்ந்த வழக்கறிஞர், விடுதலைப் போராட்ட வீரர், இதழாசிரியர், மத்திய சட்டமன்ற உறுப்பினர். குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்தவர். ‘ரோசாப்பூ துரை’ என்று மக்களால் அழைக்கப்பட்டார்.

பிறப்பு, கல்வி

கேரளத்தின் செங்கன்னூரில் பிறந்தார். சென்னை கிறித்தவக் கல்லூரியில் பயின்றபின் எடின்பரோவில் தத்துவமும் லண்டனில் சட்டமும் படித்தார். 1909-ல் தாயகம் திரும்பி, பின்னர் மதுரையில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார்.

ரேகைச் சட்டம்

1911-ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் ஒரு சமூகத்தை முழுமையாகக் குற்றவாளிகளாக அறிவிக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. குற்றமே செய்யாதவர்களிடமும் கைரேகை பெறப்பட்டதால் மக்கள் இதை ‘ரேகைச் சட்டம்’ என்றனர். பதிவு செய்யப்பட்டோர் பலர் இரவில் காவல் நிலையத்தில் படுத்துறங்க வேண்டியிருந்தது. ரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது ஏப்ரல் 3, 1920 அன்று காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது.

ஜோசப் பிறமலைக் கள்ளர்களுக்காக வழக்காடினார், நாளிதழ்களிலும் எழுதினார். ஆனால், ஒரு சமூகத்தைக் குற்றப்பரம்பரை என அறிவித்தது சரியா என்று நீதிமன்றம் விசாரிக்க அச்சட்டம் இடம் தரவில்லை. வழக்கறிஞரால் தனி மனிதரை மீட்க முடியும். சட்டத்தை நீக்கும் அதிகாரம் சட்டமன்றத்திடமே இருந்தது.

அரசியல்

அலகாபாத்தில் மோதிலால் நேரு நடத்திய ‘இண்டிபெண்டன்ட்’ நாளிதழுக்கு ஆசிரியராக இருந்தபோது, 1921-ல் கைதானார். 1923-ல் காந்தியின் ‘யங் இந்தியா’ இதழுக்கு ஆசிரியரானார். 1924-ல் வைக்கம் போராட்டத்தில் சிறை சென்றார். 1933-ல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் காமராஜருக்காக வரதராஜுலு நாயுடுவுடன் சேர்ந்து வாதாடினார்; காமராஜர் விடுதலையானார்.

சட்டமன்றப் பணி

1937-ல் மதுரை-இராமநாதபுரம்-திருநெல்வேலி தொகுதியிலிருந்து காங்கிரஸ் சார்பில் மத்திய சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த பந்தல்குடி, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் ஊர்களும் இத்தொகுதி எல்லைக்குள் அடங்கியவை. சொத்து, வரி அடிப்படையில் மிகச் சிலருக்கே வாக்குரிமை இருந்த காலம் அது. அவர் யாருக்காக வாதாடினாரோ அந்த எளிய மக்களில் பெரும்பாலோர் அவருக்கு வாக்களித்திருக்க இயலாது.

ஓராண்டு நிறைவதற்குள் மதுரை அமெரிக்கன் மிஷன் மருத்துவமனையில் தமது 50-ஆம் வயதில் மறைந்தார். சென்னை மாகாணத்தில் குற்றப்பரம்பரைச் சட்டம் 1947-லும், நாடு முழுவதும் 1952-லும் நீக்கப்பட்டது.