நேற்றைய சோறும் குளிர்சாதனப் பெட்டியும்

அன்னத்தை எறிவது பாபம் என்பது நமது தேசத்தில் குழந்தைகளும் அறிந்த நீதி. இலையில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் பெரியோர் கண்டிக்க வளர்ந்தவர்கள் நாம். 1943-ம் வருஷத்தில் வங்காளத்தில் லக்ஷக்கணக்கான ஜனங்கள் சோறின்றி மாண்டதைக் கண்ட தேசத்துக்கு இந்த நீதியை வேறொருவர் வந்து போதிக்க வேண்டியதில்லை. ஆயினும் இதற்குப் பக்கத்திலேயே மற்றொரு நீதியும் இருக்கின்றது. கெட்டுப்போன உணவை ஒருவருக்கு இடலாகாது என்பதே அது. இவ்விரண்டையும் ஒருங்கே காப்பாற்றித் தரும் என்று நம்பியே குளிர்சாதனப் பெட்டியை வீட்டில் வைத்திருக்கிறோம். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரியானது என்பதைச் சற்று ஆராய்வோம்.

சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் என்று இன்று வழங்கும் கட்டடத்தை நேயர்கள் பார்த்திருப்பார்கள். அமெரிக்க வியாபாரியான பிரெடரிக் டியூடர் என்பவர், தம் நாட்டு ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியைக் கப்பலேற்றி இங்கே கொணர்ந்து சேமிப்பதற்காக 1842-ம் வருஷத்தை ஒட்டிக் கட்டிய வீடு அது. அதனாலேயே ‘ஐஸ் ஹவுஸ்’ என்ற பெயரும் அதற்கு நிலைத்தது. அவருடைய முதற் கப்பல் 1833-ல் கல்கத்தாவுக்கு வந்தது. புறப்படும்பொழுது அதில் ஏறக்குறைய 180 டன் பனிக்கட்டி இருந்ததாம். வந்து சேர்ந்தது ஏறக்குறைய 100 டன். மற்றதெல்லாம் வழியிலேயே கரைந்து கடலோடு போயிற்று. அந்தக் குளிர் பெரும்பாலும் வெள்ளைக்காரத் துரைமார்களின் மேஜைக்கே பயன்பட்டது. பின்னர்க் காலம் மாறிற்று. சுதந்திரம் பெற்றுப் பதினொரு வருஷங்களில், 1958-ல், கோத்ரெஜ் என்னும் சுதேசி ஸ்தாபனம் இந்நாட்டிலேயே குளிர்சாதனப் பெட்டியைச் செய்யத் தொடங்கியது. இன்று அது நடுத்தரக் குடும்பங்களில் சாதாரணப் பொருளாகிவிட்டது.

பெட்டி வந்துவிட்டது, அதனுடைய குணத்தை அறிந்துகொண்டோமா? அந்தப் பனிக்கட்டிக் கப்பலின் கதையே நமக்குப் பாடம். குளிர் எதையும் நிரந்தரமாகக் காப்பதில்லை. அழிவைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. உணவிலுள்ள கிருமிகள் குளிர்ப் பெட்டிக்குள் போனவுடன் செத்துவிடுவதில்லை. அவற்றின் பெருக்கம் மந்தப்படுகிறது. வெளியே கிடந்தபோது பெருகிவிட்ட கிருமிகளையோ, அவை கக்கிய நஞ்சையோ பெட்டி திரும்ப எடுத்துவிடாது. ஆகவே, எத்தனை நாள் உள்ளே இருக்கலாம் என்று கேட்பதற்கு முன், எத்தனை மணி வெளியே இருந்தது என்று கேட்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வசதியான உஷ்ணத்தில் சில கிருமிகள் ஒரு நாழிகைக்கும் குறைந்த 20 நிமிஷத்தில் இரட்டிக்கக்கூடியவை. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இரண்டு மணி நேரத்தில் 64. நான்கு மணி நேரத்தில் 4,096. எட்டு மணி நேரத்தில் 1 கோடி 67 லக்ஷத்துக்கும் மேல்! 5 டிகிரி முதல் 60 டிகிரி சென்டிகிரேடு வரையிலுள்ள உஷ்ணமே கிருமிகளுக்கு உகந்த வயல். அதனால்தான், சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் குளிரில் வைத்துவிட வேண்டும் என்றும், வெளி உஷ்ணம் 32 டிகிரிக்கு மேற்பட்டால் ஒரு மணிக்குள் வைக்க வேண்டும் என்றும் உணவு சாஸ்திரிகள் விதித்திருக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் நமது சமையலறை எந்த விதிக்கு உட்பட்டது என்று சொல்லவும் வேண்டுமோ?

நம் வீடுகளில் நடப்பதென்ன? காலையில் வடித்த சோறு மத்தியானம் வரையில் மேடையில் இருக்கும். மிஞ்சியது ராத்திரிச் சாப்பாட்டுக்கும் வரும். அதன் பிறகும் மிஞ்சினால், பத்து மணிக்கு விளக்கை அணைக்கும்போது பெட்டிக்குள் போகும். அதற்குள் காரியம் கெட்டுவிட்டிருக்கலாம்.

சோற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ‘பேஸில்லஸ் சீரியஸ்’ என்றொரு கிருமி அரிசியில் சகஜமாக இருக்கின்றது. அதன் வித்துக்கள் கொதிக்கும் உலையிலும் சாவதில்லை. சோறு ஆறிக் கிடக்கும் வேளையில் அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் ஒரு நஞ்சைக் கக்குகின்றன. அந்நஞ்சோ மறுபடி சூடாக்கினாலும் அழியாது. 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில், சாப்பாட்டு விடுதிகளில் வெளியே வைத்திருந்த சோற்றை மறுநாள் வறுத்துப் பரிமாறியதால் பலர் நோயுற்றார்கள். இதன் காரணம் அப்போது நன்கு விளங்கியது. ஆகவே சோற்றை ஒரு மணிக்குள் ஆற்றிக் குளிரில் வைத்து, மறுநாளே தீர்த்துவிடுவது உத்தமம்.

“நம் பாட்டன்மார் பழையது உண்டு திடமாக வாழவில்லையா?” என்று சிலர் கேட்கலாம். கேட்கத் தக்க கேள்விதான். நீர் ஊற்றி வைத்த சோற்றில், பாலைத் தயிராக்கும் ஜாதியைச் சேர்ந்த நல்ல கிருமிகள் வளர்ந்து புளிப்பை உண்டாக்குகின்றன. அப்புளிப்பு தீய கிருமிகள் பலவற்றை அடக்குகிறது. அதையும் மறுநாட் காலையிலேயே உண்டு முடித்தார்கள். நீரும் ஊற்றாமல், குளிரிலும் வைக்காமல், வெறுமனே மூடிக் கிடந்த சோறு இவ்விரண்டு வகையிலும் சேராது.

இனிச் செய்யத்தக்கவற்றைச் சொல்வோம். பெட்டியின் உள் உஷ்ணம் 4 டிகிரிக்கு மேற்படாதிருக்க வேண்டும். சிறு உஷ்ணமானி ஒன்றை உள்ளே வைத்தால் சந்தேகம் தீரும். சூடான பெரிய பாத்திரத்தை அப்படியே உள்ளே வைத்தால் அண்டையிலுள்ள பண்டங்களும் சூடேறும். ஆறட்டும் என்று மணிக்கணக்காக வெளியே விட்டாலும் தீங்கு. இரண்டுக்கும் பரிகாரம், குழம்பையோ கூட்டையோ ஆழமில்லாத சிறு பாத்திரங்களில் பிரித்து, தண்ணீர் நிரம்பிய தாம்பாளத்தில் சிறிது நேரம் நிறுத்திக் கிளறி ஆற்றுவதே. பிறகு நன்றாக மூடி உள்ளே வைக்கலாம். புளி சேர்ந்த பண்டங்களுக்கு எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரமே நல்லது. சாப்பிட்ட கரண்டியை உள்ளே விடலாகாது. எச்சில் பற்றி நம் பெரியோர் வகுத்த கட்டுப்பாடு இவ்விஷயத்தில் முற்றும் பொருத்தமானது. மாமிசம், மீன் உண்ணும் வீடுகளில் பச்சை மாமிசத்தை மூடிக் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். அதன் நீர் சமைத்த உணவில் சொட்டலாகாது. பெட்டிக்குள் காற்று உலாவ இடம் வேண்டுமாகையால் அடைத்து நிரப்புவதும் பிசகு.

இவ்வாறு வைத்த குழம்பு, பொரியல் முதலியவற்றை மூன்று, மிஞ்சினால் நான்கு நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும். வேண்டிய அளவை மட்டும் எடுத்து, ஆவி பறக்க, உள்ளெல்லாம் 74 டிகிரி ஏறும்படி ஒரே தரம் சூடாக்க வேண்டும். மின்சாரம் நின்றால் கதவைத் திறக்காதிருங்கள். மூடிய பெட்டி சுமார் நான்கு மணி வரையில் குளிரைக் காக்கும். மோந்து பார்த்துத் தீர்மானிக்கும் வழக்கத்தையும் முழுதும் நம்புவதற்கில்லை. ஊசிப்போகச் செய்யும் கிருமிகள் வேறு, நோயைத் தரும் கிருமிகள் வேறு. பின்னவை வாசனையால் தம்மை அறிவிப்பதில்லை. ‘லிஸ்டீரியா’ என்னும் கிருமியோ குளிரிலும் மெல்ல வளரவல்லது. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயோதிகர்கள் விஷயத்தில் அதிக ஜாக்கிரதை அவசியம்.

இன்னும் ஒரு விஷயம் உண்டு. அதை இல்லத்தின் ஆண்மக்களே முக்கியமாகக் கவனிக்க வேண்டும். நம் குடும்பங்களில் மிஞ்சிய உணவு யாரிடம் போய்ச் சேருகிறது? புதிதாகச் சமைத்தது கணவனுக்கும் குழந்தைகளுக்கும், நேற்றையது அவளுக்கு. முந்தாநாளையது வேலைக்கு வரும் அம்மாளுக்கு. எறிய மனம் வராமல், ஆனால் தன் குழந்தைக்கு இடவும் மனம் துணியாமல், ஒருத்தி தானே உண்டு தீர்க்கிறாளே, அதைச் சிக்கனம் என்று எப்படிச் சொல்வது? குளிர்சாதனப் பெட்டி வந்த பிறகு இவ்வழக்கம் குறைந்ததா? மூன்று நாளில் முடியவேண்டியது ஏழு நாளாக நீளுவதற்கு அது இடந்தந்திருக்கிறது. தன் குழந்தைக்குத் தகாத உணவு தனக்கும் தகாது, ஏழைக்கும் தகாது. தானம் செய்ய விரும்பினால் உணவு நன்றாக இருக்கும் அன்றைக்கே செய்வதுதான் தர்மம்.

ஆகவே, அளவறிந்து உலை வைப்போம். மிஞ்சினால் சாப்பாடு முடிந்த கையோடு எடுத்து வைப்போம். பாத்திரத்தின்மேல் தேதியைக் குறித்து ஒட்டுவோம். மறுநாள் அது வீட்டிலுள்ள எல்லோருடைய இலையிலும் சமமாக விழட்டும். எல்லோரும் உண்ணத் தக்கதாக இருந்தால் உண்போம்; ஒருவர் உண்ணத் தகாததாயினும் ஒருவருக்கும் இடாதிருப்போம்.