காற்றின் கணக்கு – 9: கூமுட்டை நாற்றம் நின்றபோது

சென்ற வாரம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நின்றோம். அங்கே மோனசைட் மணலிலுள்ள தோரியம் சிதையும் வழியில் பிறக்கும் தோரான் வாயு, சுமார் 56 வினாடியில் பாதியாகிவிடும். யுரேனியம் வழி வரும் ரேடானுக்கோ அதற்கு 3.8 நாள் ஆகும். வெயிலோ குளிரோ இந்தக் கணக்கை மாற்றாது.

உயிர்கள் செய்யும் சிதைவு அப்படியல்ல. சூடு ஏறினால் அதன் வேகமும் ஏறும். அதைப் பார்க்க ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வரவேண்டும்.

2019 மார்ச்சில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த நெமிலியில் ஒரு குடியிருப்பின் செப்டிக் டேங்கில் ஆறு பேர் இறந்தார்கள். ஒருவரைத் தூக்க இன்னொருவர், அவரைத் தூக்க மற்றொருவர் என்று அடுத்தடுத்து இறங்கியவர்கள். ஒரே குடும்பத்தாரும் அங்கே குடித்தனம் இருந்தவர்களும் ஒன்றாகப் போனார்கள். 2022 அக்டோபரில் அதே வட்டாரத்தில், ஒரு தனியார் விடுதியின் தொட்டியில் மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள்.

ஒரகடம், வல்லம் பக்கம் ஆலைகள் பெருகப் பெருக, வாடகை அறைகளும் பெருகின. ஓர் அறையில் பல பேர் தங்கினால் தொட்டி சீக்கிரம் நிறையும். காற்றுப் புகாத அந்த இருட்டில் நுண்ணுயிர்கள் மலத்தைச் சிதைத்து மீத்தேனையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகின்றன. அவற்றில் ஒரு வகை, கழிவிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகிறது. கூமுட்டை நாற்றம் அதனுடையதுதான். காற்றைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கும்.

இதன் கொடுமை மூக்கிலேயே தொடங்குகிறது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே நாறும். 100 பங்கைத் தாண்டினால் சில நிமிடங்களில் மோப்ப நரம்பு மரத்துவிடும். நாற்றம் அடங்கிவிட்டது, இனி இறங்கலாம் என்று மனிதர் நம்புவது அப்போதுதான். 1000 பங்கை எட்டினால் ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். சயனைடைப் போலவே, உயிரணு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் இடத்தையே இது அடைக்கிறது.

மூடியைத் திறந்து இரவெல்லாம் ஆறவிட்டோம் என்பார்கள். போதாது. அடியில் கிடக்கும் சகதிக்குள் வாயு கரைந்திருக்கிறது. கோலால் கிளறினாலும் காலால் மிதித்தாலும், சோடா பாட்டிலைக் குலுக்கியதுபோல் பொங்கி வரும். மெழுகுவத்தியை இறக்கிப் பார்ப்பதும் தவறு: சுடர் எரிவதால் இந்த நஞ்சு இல்லை என்று ஆகாது, மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கவும் கூடும்.

பாதுகாப்பில்லாமல் மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. சாக்கடைச் சாவுக்கு 2014-இல் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்ற உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்திருக்கிறது, இறங்குவது நின்றபாடில்லை. கூலிக்கு ஆள் கிடைக்கிறார் என்பதற்காக ஒருவரை உள்ளே அனுப்புவது கொலைக்கு ஒப்பானது என்றே நான் நினைக்கிறேன்.

வீட்டுக்காரர்களே, தொட்டி நிறைந்தால் 14420-ஐ அழையுங்கள். உறிஞ்சும் லாரி வரட்டும். யாராவது உள்ளே விழுந்துவிட்டால், அது உங்கள் பிள்ளையாகவே இருந்தாலும், பின்னால் இறங்காதீர்கள். 101-க்கோ 112-க்கோ சொல்லுங்கள். மூச்சுக்கருவி அணிந்த தீயணைப்பு வீரர் மட்டும் இறங்கட்டும்.

(தொடரும்)