வீடியோ விளையாட்டுச் சித்திரங்களின் கணிதம்

நீளம், அகலம், உயரம் என்ற மூன்றும் உடைய உலகத்தைத் தட்டையான திரையில் மெய்போலக் காட்டும் வீடியோ விளையாட்டுகளில் சிறுவர் ஈடுபடுவது இன்று எங்கும் காணக்கூடியதே. அவர்களுள் சிலருக்கு, ஆடுவதோடு நில்லாமல், அத்தகையதொரு விளையாட்டைத் தாமே அமைக்க வேண்டும் என்ற ஆவலும் எழுகிறது. அந்த ஆவலோடு ஆசிரியரை அணுகும் மாணவனிடம், அது உயர்கணிதம், கல்லூரிக்குச் சென்றபின் பார்த்துக்கொள்ளலாம் என்று கூறிவிடுவது எளிது. ஆனால் அது சரியான விடையன்று. ஒரு பெட்டியைத் திரையில் வரைந்து, அதைச் சுழற்றி, அதன்மேல் ஒளி விழச் செய்வதற்கு வேண்டிய கணிதம் பெரும்பாலும் 10-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரையுள்ள பாடங்களிலேயே அடங்கியிருக்கிறது.

தண்டவாளமும் கண்ணாடியும்

இவற்றுள் முதன்மையானது வடிவொத்த முக்கோணங்களைப் பற்றிய பாடம். இந்திய அகல ரயில்பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையேயுள்ள தூரம் 1,676 மில்லிமீட்டர். இத்தூரம் எங்கும் மாறுவதில்லை. எனினும் பாதையின் நடுவே நின்று நோக்குபவருக்கு அவை தொலைவில் நெருங்கி ஒன்றாகிவிடுவதுபோல் தோன்றும். கண்ணுக்கு 50 சென்டிமீட்டர் முன்னால் ஒரு கண்ணாடிப் பலகை நிற்பதாகக் கொள்க. தண்டவாளங்களிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கதிர்கள் அக்கண்ணாடியை எங்கே வெட்டுகின்றனவோ அங்கே புள்ளி வைக்க வேண்டும். 10 மீட்டர் தொலைவிலுள்ள தண்டவாளங்களைக் குறிக்கும் புள்ளிகளுக்கிடையே 8.38 சென்டிமீட்டர் இருக்கும். 100 மீட்டர் தொலைவுக்கு 0.84 சென்டிமீட்டர், ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கண்ணை உச்சியாகக் கொண்ட சிறிய முக்கோணமும் பெரிய முக்கோணமும் வடிவொத்தவை என்பதைத் தவிர இதில் வேறு இரகசியம் எதுவும் இல்லை.

விளையாட்டுத் திரையே அந்தக் கண்ணாடி. பொருளின் ஒவ்வொரு புள்ளிக்கும் அகலம், உயரம், ஆழம் என மூன்று எண்கள் உண்டு. அகலத்தையும் உயரத்தையும் ஆழத்தால் வகுத்து, திரையின் தூரத்தால் பெருக்கினால் திரையில் அப்புள்ளி விழும் இடம் கிடைத்துவிடும். இத்தாலிய நாட்டு ஆல்பர்ட்டி 1435-இல் ஓவியர்களுக்கென எழுதிய விதியும் இதுவே. விமானப் படங்களைக் கொண்டு நிலம் அளக்கும் பணியாளருக்கும் இது புதிதன்று: 15 சென்டிமீட்டர் குவிதூரமுள்ள வில்லையால் 1,500 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படத்தின் அளவை 1:10,000 என்று அவர்கள் கணிப்பதும் இதே விகிதத்தால்தான்.

ஓர் எச்சரிக்கை வேண்டும். ஆழம் பூஜ்யமானால் வகுத்தல் இயலாது. கண்ணுக்குப் பின்னாலுள்ள புள்ளிக்கு ஆழம் எதிர்மறையாகி, படம் தலைகீழாக முன்னே வந்து நிற்கும். ஆதலால் கண்ணுக்குச் சற்று முன்னே ஓர் எல்லைத் தளத்தை வைத்து, அதற்கு இப்பால் உள்ளவற்றை வெட்டி நீக்கிவிடுவர்.

சுழற்சி

அடுத்தது திரிகோண கணிதம். ஒரு தளத்தில் ஒரு புள்ளியைத் தொடக்கப் புள்ளியைச் சுற்றித் திருப்பும்போது, புதிய அகலம் என்பது பழைய அகலத்தின் கோசைன் மடங்கிலிருந்து பழைய உயரத்தின் சைன் மடங்கைக் கழித்தது. புதிய உயரம் என்பது அகலத்தின் சைன் மடங்கையும் உயரத்தின் கோசைன் மடங்கையும் கூட்டியது. (4, 3) என்ற புள்ளியை 30 பாகை திருப்பினால் (1.964, 4.598) கிடைக்கும். இரு எண்களின் வர்க்கங்களையும் கூட்டினால் முன்போலவே 25 வருகிறது. அதாவது புள்ளி திரும்பியதேயன்றித் தொடக்கப் புள்ளியிலிருந்து விலகவில்லை. மாணவர் தம் விடையைத் தாமே சரிபார்த்துக்கொள்ள இது நல்ல வழி.

இக்கணக்கைக் குறைந்த வசதிகளைக் கொண்டு செய்து காட்டிய விளையாட்டுகளுள் ‘எலைட்’ குறிப்பிடத்தக்கது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்களாயிருந்த டேவிட் ப்ரேபன், இயன் பெல் ஆகிய இருவரும் இதை பி.பி.சி. மைக்ரோ என்ற கணிப்பொறிக்காக அமைத்தனர்; 1984-இல் வெளிவந்தது. அப்பொறியின் நினைவகம் 32 கிலோபைட் மட்டுமே. அதன் செயலிக்குப் பெருக்கல் கட்டளையே கிடையாது. கூட்டலையும் இடப்பெயர்ச்சியையும் கொண்டே பெருக்க வேண்டும். இந்நிலையில் விண்கலங்களின் சுழற்சிக்கு ஒவ்வொரு முறையும் சைன் கணிப்பது கட்டுப்படியாகாது. ஆகவே கோணம் சிறியதாயின் சைனுக்குப் பதிலாகக் கோணத்தையே வைத்துக்கொள்ளலாம் என்ற தோராய விதி கையாளப்பட்டது. ஒரு பாகை என்பது 0.0174533 ரேடியன், அதன் சைன் 0.0174524. வேறுபாடு மிகச் சிறிதே.

ஆனால் சிறு பிழையும் சேர்ந்தால் பெரிதாகும். கோசைனை 1 என்றும் சைனைக் கோணமாகவும் கொண்டு ஒரு புள்ளியை ஒவ்வொரு பாகையாக 360 முறை திருப்பினால், அது புறப்பட்ட இடத்துக்கு வந்து சேராது. தொடக்கப் புள்ளியிலிருந்து நூற்றுக்கு 5.6 பங்கு கூடுதலாக விலகி நிற்கும். தோராயம் எவ்வகையதாயினும் இத்தகைய கோணல் சேர்ந்துகொண்டே வரும். எலைட்டில் விண்கலத்தின் மூன்று அச்சுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகவும் ஓரலகு நீளமுள்ளனவாகவும் இருக்கும்படி அவ்வப்போது சீர்செய்வதற்கென்றே நிரலில் ஒரு பகுதி இருந்தது. தோராய விதி எங்கே தவறும் என்பதை அறிந்தவரே அதைத் துணிந்து கையாள முடிந்தது.

அணிகள்

திருப்புதல், பெரிதாக்கல் ஆகியவற்றை எண்களின் சதுர அடுக்காகிய அணியால் எழுதலாம். நகர்த்துதல் மட்டும் மூன்றுக்கு மூன்று அணிக்குள் அடங்காது. ஒவ்வொரு புள்ளியோடும் 1 என்ற நான்காவது எண்ணைச் சேர்த்து, நான்குக்கு நான்கு அணியைக் கொண்டால் அதுவும் அடங்கிவிடும். ஆழத்தால் வகுப்பதற்கும் அந்த நான்காம் எண்ணே இடம் தருகிறது. ஜெர்மானியக் கணிதர் மோபியஸ் 1827-இல் வகுத்த இம்முறையை, லாரன்ஸ் ராபர்ட்ஸ் 1963-இல் மாஸசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் கணிப்பொறிச் சித்திரத்துக்குப் பயன்படுத்தினார்.

என்.சி.ஈ.ஆர்.டி.யின் 12-ஆம் வகுப்புப் பாடநூலில், அணிகள் அத்தியாயத்துப் பயிற்சியில், சைனும் கோசைனும் கொண்ட ஓர் அணியைத் தந்து, இரு கோணங்களுக்குரிய அணிகளின் பெருக்கம் அக்கோணங்களின் கூடுதலுக்குரிய அணியாகும் என்று நிறுவச் சொல்லும் கணக்கொன்று வந்துள்ளது. அது சுழற்சி அணியே. முதலில் 20 பாகையும் பிறகு 30 பாகையும் திருப்பினால் 50 பாகை திரும்பும் என்பதே அக்கணக்கின் பொருள். இதை ஒரு வரியில் சொல்லிவிட்டால், இயந்திரம்போல் பெருக்கிக்கொண்டிருக்கும் மாணவன் நிமிர்ந்து பார்ப்பான்.

அணிகளைப் பெருக்கும் வரிசை முக்கியம். (1, 0) என்ற புள்ளியை 90 பாகை திருப்பிப் பிறகு அகலத் திசையில் 2 அலகு நகர்த்தினால் (2, 1). முதலில் நகர்த்திப் பிறகு திருப்பினால் (0, 3). பொருள் தன்னிடத்தில் சுழலாமல் எங்கோ வட்டமிட்டுப் பறக்கிறது என்று மாணவர் முறையிடும்போது முதலில் பார்க்க வேண்டியது இவ்வரிசையையே. ஆயத்தமாகக் கிடைக்கும் விளையாட்டு எஞ்சின்கள் இப்பெருக்கல்களைத் தாமே செய்து கொடுத்துவிடுகின்றன. ஆனால் எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை அவற்றிடம் சொல்பவன் மனிதனே.

ஒளி

நண்பகல் வெயில் மண்ணைச் சுடுவதும், அதே சூரியன் மாலையில் சாய்ந்து வீசும்போது சுடாததும் உழவர் அனைவரும் அறிந்தவை. ஒரு பரப்பின் பிரகாசம், அதன் செங்குத்துக் கோட்டுக்கும் ஒளி வரும் திசைக்கும் இடையேயுள்ள கோணத்தின் கோசைனைப் பொறுத்தது என்று லாம்பர்ட் 1760-இல் நிறுவினார். 60 பாகை சாய்ந்த ஒளி பாதிப் பிரகாசமே தரும். கோணத்தை அளக்காமலே இக்கோசைனைத் தருவது இரு திசையன்களின் புள்ளிப் பெருக்கம். இரண்டும் ஓரலகு நீளமுள்ளனவாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. மழமழப்பான பரப்பின் மினுமினுப்பைக் காட்டும் முறையை, வியட்நாமில் பிறந்து அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த பூய் துவோங் ஃபோங் 1975-இல் வெளியிட்டார். அதற்கும் அடிப்படை இதே பெருக்கம்தான்.

1920-க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. வினாடிக்கு 60 படம் என்றால், வினாடிதோறும் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கணிக்க வேண்டும். விரைந்து பெருக்கும் தனிச் செயலிகள் இதற்காகவே அமைந்தன.

வகுப்பில் தொடங்குவதற்குக் கணிப்பொறி தேவையில்லை. வரைபடத் தாளும் அடிக்கோலும் போதும். பக்கம் 2 அலகுள்ள ஒரு கனசதுரத்தின் மையம் கண்ணிலிருந்து 5 அலகிலும், திரை 4 அலகிலும் இருப்பதாகக் கொள்க. முன்முகத்தின் நான்கு மூலைகள் 2 அலகுச் சதுரமாகவும், பின்முகத்தின் மூலைகள் ஏறத்தாழ 1.33 அலகுச் சதுரமாகவும் விழும். மூலைகளை இணைத்தால் பெட்டி தோன்றும். பிறகு, மையத்தைச் சுற்றி 30 பாகை திருப்பிய பின்னரே ஆழத்தோடு 5-ஐக் கூட்டி, எட்டு மூலைகளையும் மறுபடி கணித்து வரையச் செய்யலாம். ஒரு மாணவனுக்கு ஒரு மூலை என்று பகிர்ந்தால் ஒரு பாட நேரத்துக்குள் முடிந்துவிடும்.