காயைப் புதைத்துவிட்டுக் காயும் குளோவர்

1889இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் பார்க்கர் அருகே ஏமஸ் ஹோவர்ட் என்ற நாற்றுப்பண்ணைக்காரரின் கண்ணில் ஒரு மூவிலைச் செடி பட்டது. மத்தியதரைக்கடல் பக்கத்திலிருந்து யாரும் அழைக்காமல் வந்து ஒட்டிக்கொண்ட குளோவர் அது. மேய்ச்சலுக்கு இதை விதைக்கலாம் என்று அவர் விடாமல் சொல்லிவந்தார். 1906இல் விதை விற்பனைக்கு வந்தது.

பூத்ததும் இதன் காம்பு கீழே வளைந்து, காயை மண்ணுக்குள் தள்ளிவிடும். நம் நிலக்கடலை விழுது இறக்குகிற மாதிரிதான். ஆட்டின் வாய்க்கு விதை தப்புகிறது. கோடை தொடங்கும்போது செடி காய்ந்துபோகும்; அடுத்த ஆண்டு வயலில் முளைப்பது மண்ணில் விட்டுச்சென்ற விதைதான்.

ஆகவே ஒரு ரகம் ஊருக்கு ஒத்துவருமா என்று பார்ப்பவர்கள் தழையை மட்டும் எடைபோடுவதில்லை. மழை சீக்கிரம் நிற்கும் ஊரில், தாமதமாகப் பூக்கும் ரகம் பச்சைப்பசேலென்று வளர்ந்தாலும் விதை வைப்பதற்குள் வாடிவிடும். அடுத்த ஆண்டு வயல் மொட்டை.

விதை வைத்தால் மட்டும் போதாது. அது உறங்கவும் வேண்டும். கோடை நடுவே ஒரு தூறல் விழுந்து எல்லா விதையும் முளைத்துவிட்டால், அடுத்த வாரத்து வெயிலில் அத்தனையும் கருகும். நீர் புகாத தோலுள்ள விதைக்குக் 'கடினவிதை' என்று பெயர். பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறித் தாக்க, அந்தத் தோல் சிறிது சிறிதாக இளகும். ஆய்வகத்தில் விதைகளை 60 டிகிரிக்கும் 15 டிகிரிக்கும் நாள்தோறும் மாற்றி மாற்றி வைத்து, எத்தனை வாரம் தாங்குகின்றன என்று எண்ணுகிறார்கள். பெட்டிக்குள் ஒரு செயற்கைக் கோடை!

மண்ணும் தன் பங்குக்குப் பொறுக்கியெடுக்கும். இதே இனத்தில் ஒரு பிரிவு அமில மண்ணை விரும்பும். இன்னொன்று கார மண்ணை. மூன்றாவது நீர் தேங்கும் தாழ்வில் செழிக்கும்.

இத்தனை தேர்விலும் தேறிய சில ரகங்கள் 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆடு வளர்த்தவர்களைத் திணறடித்தன. வயிறார மேய்ந்த பெட்டைகள் சினைபிடிக்கவில்லை. இலையிலிருந்த ஃபார்மோனோனெட்டின் என்ற பொருள், ஆட்டின் வயிற்றில் பெண் ஹார்மோன் போலச் செயல்படும் ஈக்வாலாக மாறியிருந்தது. எந்தத் தழை எடையும் இதைக் காட்டிக்கொடுத்திருக்காது. அதன் பிறகே இலையின் வேதியியலும் தேர்வில் சேர்ந்தது. அந்தப் பொருள் மிகுந்த ரகங்கள் இப்போது கழிக்கப்படுகின்றன.

ஆனால் டின்னினப் போன்ற பழைய ரகங்கள் கடினவிதைக் கெட்டிக்காரர்கள். விதைப்பதை நிறுத்திப் பல காலம் ஆன பின்பும் முளைத்து வருகின்றன. இலையிலுள்ள வெளிர்த் தடத்தைப் பார்த்துத்தான் விவசாயிகள் அவற்றை அடையாளம் காண்கிறார்கள்.