காசுதானே என்று இருந்துவிடாதீர்கள்

தவழும் குழந்தைக்குத் தரையில் கிடப்பதெல்லாம் தின்பண்டம்தான். விழுங்கிய காசு வயிற்றுக்குள் இறங்கிவிட்டால், பெரும்பாலும் சில நாளில் மலத்தோடு வந்துவிடும். அதனால்தான் வீட்டுப் பெரியவர்கள், "வாழைப்பழம் கொடு, தானா வந்துடும்" என்கிறார்கள். உள்ளே போனது பட்டன் பேட்டரியாக இருந்தால், அந்தக் காத்திருப்பே உயிரைப் பறிக்கும்.

உள்ளே நடப்பது என்ன?

கார் சாவி, எடை மெஷின், சின்ன ரிமோட் என்று எங்கும் இருப்பது 2032 வகை பேட்டரி. 20 மி.மீ. அகலம், 3 வோல்ட். சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் அளவு. ஈரமான சதை பட்டதும் மின்சாரம் பாய்கிறது. மைனஸ் பக்கத்தில் கடுமையான காரம் உண்டாகிச் சதையை அரிக்கிறது. 2 மணி நேரத்திலேயே ஆழமான புண் விழலாம். பேட்டரி உடைந்து ஒழுக வேண்டும் என்பதில்லை. ரிமோட் வேலை செய்யவில்லை என்று கழற்றிப் போட்ட பழைய பேட்டரிக்கும் இதைச் செய்யும் வலு உண்டு.

பேட்டரியை எடுத்த பிறகும் புண் ஆழமாகிக்கொண்டே போகலாம். அது பக்கத்திலுள்ள பெருந்தமனியை எட்டினால், நாட்கள், வாரங்கள் கழித்துக்கூட ரத்தம் கொட்டிக் குழந்தை இறந்துவிடலாம்.

சளி என்று ஏமாற வேண்டாம்

எச்சில் ஒழுகும், சாப்பிட மறுக்கும், இருமும், வாந்தி எடுக்கும். சில குழந்தைகளிடம் எந்த அறிகுறியும் இருக்காது. சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள். தேவைப்பட்டால் 108-ஐ அழையுங்கள். "பேட்டரியாக இருக்கலாம்" என்று உள்ளே நுழையும்போதே சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் காசு ஒரே வட்டமாகத் தெரியும். பேட்டரியின் விளிம்பில் இரட்டை வளையம் தெரியும்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாழைப்பழமோ சோற்று உருண்டையோ கொடுக்காதீர்கள். ஒரு வயது தாண்டி, விழுங்க முடிகிற குழந்தையாக இருந்து, பேட்டரி போய் 12 மணி நேரத்துக்குள் என்றால், 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். 6 முறைக்கு மேல் வேண்டாம். இது புண்ணின் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். தேனுக்காகப் பயணத்தைத் தாமதிக்கக் கூடாது.

காந்தமும் புளியங்கொட்டையும்

இரண்டு காந்தங்கள் போனால், குடலின் இரு மடிப்புகளை நடுவில் நசுக்கி ஓட்டை போட்டுவிடும். அதற்கும் உடனே மருத்துவமனைதான். வேர்க்கடலை, புளியங்கொட்டை மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடியவை. மூச்சுத் திணறும் குழந்தையின் வாய்க்குள் கண்மூடித்தனமாக விரலை விட்டுத் துழாவினால், பொருள் இன்னும் உள்ளே போகும்.

இன்றே செய்யுங்கள்

பட்டன் பேட்டரி விபத்தில் இறந்த ஒரு குழந்தையின் பெயரால் 2022-ல் அமெரிக்கா தனிச் சட்டமே போட்டது. பேட்டரி மூடியைக் குழந்தை திறக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்கிறது அது. ஸ்க்ரூ போட்ட மூடி உள்ள பொம்மையையே வாங்குங்கள். மூடி தொலைந்த ரிமோட் இருந்தால், இப்போதே எழுந்துபோய் அதன் பேட்டரியைக் கழற்றி, இருபுறமும் டேப் ஒட்டி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.