துருதான் முதல் எதிரி! 50 வருஷ பழைய டாட்சன் 240 இசட் காரை வாங்கி மீட்டெடுப்பது எப்படி? முழு விளக்கம்

டாட்சன் என்று சொன்னால் நம்ம ஊரில் பலருக்கும் ஞாபகம் வருவது ஒரு சின்ன பட்ஜெட் கார்தான். சென்னை அருகே ஒரகடம் ஆலையில் தயாராகி, 2014-ல் விற்பனைக்கு வந்த டாட்சன் கோ. 2022-ல் அந்த பிராண்டுக்கே நிசான் மூடுவிழா நடத்திவிட்டது.

ஆனால் அமெரிக்காவிலோ ஜப்பானிலோ இருக்கும் ஒரு கார் பிரியரிடம் டாட்சன் என்று சொல்லிப் பாருங்க. அவர் சொல்லும் கார் வேற! நீளமான பானட், சரிந்து இறங்கும் பின்பக்கம், இரண்டே சீட். அதுதான் டாட்சன் 240 இசட்.

இன்றைக்கு இந்தக் காரைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, மறுபடியும் ஓட வைப்பதற்காகவே பல வருஷங்களைச் செலவிடுபவர்கள் இருக்கிறார்கள். அதில் சேமிப்பை இழந்து, பாதி வேலையோடு காரை விற்றவர்களும் உண்டு. அப்படி என்ன இருக்கு இந்தக் காரில்? மீட்டெடுப்பது என்றால் என்னென்ன செய்யணும்? பார்க்கலாம்.

240 இசட்: அப்படி என்ன ஸ்பெஷல்?

1969-ம் ஆண்டு இறுதியில் ஜப்பானில் அறிமுகமான கார் இது. 1970-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது இதன் விலை 3,526 டாலர். அன்றைக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஜாகுவார், போர்ஷே போன்ற ஐரோப்பிய கார்கள்தான். விலையும் அதிகம், பராமரிப்பும் அதிகம்.

அந்த இடத்தில்தான் 240 இசட் நுழைந்தது. 2.4 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். எடை ஆயிரம் கிலோவுக்குச் சற்றுதான் மேலே. தினமும் ஆபீசுக்கு ஓட்டிப் போகலாம், வீக் எண்டில் ரேஸுக்கும் கொண்டு போகலாம் என்பதுதான் இதன் பலம்.

யோஷிஹிகோ மட்சுவோ தலைமையிலான குழு இதை வடிவமைத்தது. 240 இசட், 260 இசட், 280 இசட் என 1978 வரை வந்த இந்த வரிசையில் 5 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் விற்றன.

பெயர்ப் பலகையைக் கழற்றச் சொன்னவர்

இந்தக் காரின் கதையில் மறக்க முடியாத பெயர் யுதாகா கதாயாமா. அமெரிக்காவில் நிசானை வளர்த்தவர். ரசிகர்கள் இவரை 'மிஸ்டர் கே' என்றுதான் அழைத்தார்கள்.

ஜப்பானில் இந்தக் காருக்கு வைத்த பெயர் 'ஃபேர்லேடி இசட்'. "இந்தப் பெயரில் அமெரிக்காவில் ஸ்போர்ட்ஸ் கார் விற்க முடியாது" என்பது கதாயாமாவின் கணிப்பு. அதனால் ஃபேர்லேடி பேட்ஜைக் கழற்றிவிட்டு, '240 இசட்' என்ற பேட்ஜை ஒட்டினார். 2.4 லிட்டர் எஞ்சின் என்பதால் 240. அவ்வளவுதான். 2015-ல், 105 வயதில் கதாயாமா காலமானார்.

ரேஸ் டிராக்கிலும் இந்தக் கார் கலக்கியது. அமெரிக்காவின் தேசிய அளவிலான சி பிரொடக்‌ஷன் பிரிவில் 1970, 1971 என இரண்டு வருஷம் தொடர்ந்து சாம்பியன். ஓட்டியவர் ஜான் மார்ட்டன். கரடுமுரடான பாதைக்குப் பேர்போன கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியில் 1971, 1973 என இரண்டு முறை வெற்றி. இதில் 1973-ல் 240 இசட்டை ஓட்டி ஜெயித்தவர், உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளி வீரரான ஷேகர் மேத்தா!

இப்போ ஏன் இவ்வளவு விலை?

2020 ஜனவரியில், சுமார் 21,000 மைல் மட்டுமே ஓடிய ஒரு 1971 மாடல் 240 இசட், அமெரிக்க ஆன்லைன் ஏலத்தில் 3 லட்சத்து 10 ஆயிரம் டாலருக்கு விற்பனையானது. அதற்குப் பிறகு, வீட்டுக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த கார்களுக்கும் மவுசு கூடிவிட்டது.

பழைய ஜப்பானிய கார்கள் எல்லாவற்றுக்குமே இந்த நிலைதான். சினிமா, வீடியோ கேம் பார்த்து வளர்ந்த தலைமுறை இப்போது கையில் காசோடு இருக்கிறது. 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படத்தில் பால் வாக்கர் ஓட்டிய நிசான் ஸ்கைலைன் ஆர்34 கார், 2023-ல் 13 லட்சத்து 57 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது.

ஆனால் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிஞ்சுக்கணும். ஏலத்தில் சாதனை விலைக்குப் போவது எப்போதாவது ஒன்று. நீங்கள் பார்க்கப் போகும் கார் அது கிடையாது.

முதல் எதிரி துரு

எஞ்சின் ஓடுதா, பெயின்ட் பளபளக்குதா என்றுதான் புதிதாக வாங்குபவர்கள் பார்ப்பார்கள். அனுபவசாலிகள் காருக்கு அடியில் படுத்துப் பார்ப்பார்கள். காரணம், 1970-களின் தகடு மெல்லியது. இன்றைய கார்களில் இருக்கும் துரு எதிர்ப்புப் பூச்சு அதில் இல்லை.

240 இசட்டில் துரு பிடிக்கும் இடங்கள் கிட்டத்தட்ட எல்லா காரிலும் ஒன்றுதான்:

- பேட்டரி வைக்கும் தட்டு: ஆசிட் கசிந்து தகட்டை அரித்துவிடும்.
- கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துவாரப் பகுதி: இலைதழை அடைத்து, தண்ணீர் உள்ளேயே தேங்கும்.
- தரைத் தகடு: கார்ப்பெட்டுக்கு அடியில் ஈரம் தங்கி, வெளியே தெரியாமல் ஓட்டை விழும்.
- அடியில் ஓடும் ஃபிரேம் பகுதி: பெட்டி மாதிரி மூடிய அமைப்பு என்பதால் உள்பக்கமிருந்து அரிக்கும்.
- கதவுக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான கீழ் மூலை.
- டிக்கி ஓரங்கள், ஸ்டெப்னி வைக்கும் குழி.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன காந்தம் போதும். துணி சுற்றிய காந்தத்தைத் தகட்டில் வைத்துப் பாருங்க. தகடு இருந்தால் 'டக்'கென்று ஒட்டும். துருவை மறைக்க பட்டி பூசியிருந்தால் ஒட்டாது. பளபளப்பான பெயின்டுக்கு அடியில் வெறும் பட்டிதான் இருக்கு என்று தெரிந்தால், அந்தக் காரை விட்டு நகர்ந்துவிடுவது நல்லது.

எஞ்சினை ஓவர்ஹால் செய்யலாம். கியர்பாக்ஸை மாற்றலாம். ஆனால் பாடி அரித்துப்போன காரில் எதை மாட்டினாலும் அது நிற்காது. அதனால்தான், 'ஓடாத எஞ்சின், நல்ல பாடி' கொண்ட காரே 'ஓடுற எஞ்சின், அழுகின பாடி' காரைவிட மேல் என்பார்கள்.

நம்பரை சரிபாருங்க

அடுத்து சேஸிஸ் நம்பர். இடதுபக்க ஸ்டீயரிங் கொண்ட அமெரிக்க மாடல்களில் இது 'எச்எல்எஸ்30' என்று தொடங்கும். எஞ்சின் அறையில் இருக்கும் சிறிய உலோகத் தகட்டில் சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டும் இருக்கும். அதில் இருக்கும் எஞ்சின் நம்பரும், எஞ்சின் பிளாக்கில் பொறித்திருக்கும் நம்பரும் ஒன்றாக இருந்தால், ஆலையிலிருந்து வந்த அதே எஞ்சின்தான் என்று அர்த்தம். விலையில் இதற்குப் பெரிய வித்தியாசம் உண்டு.

ஆரம்பகாலத் தயாரிப்புகளுக்கு மவுசு இன்னும் அதிகம். அடையாளம் ரொம்ப சிம்பிள். அந்த கார்களின் டிக்கி கதவில் காற்றுத் துவாரங்கள் இருக்கும். பின்னால் வந்தவற்றில் அது பக்கவாட்டுத் தூணுக்கு மாறிவிட்டது.

மீட்டெடுப்பு: படிப்படியாக

1. கழற்றுவது: இதுதான் சுலபம், இதில்தான் தப்பும் நடக்கும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் போட்டோ, கழற்றியபின் கவரில் போட்டு பெயர் எழுதி வைப்பது கட்டாயம். ரெண்டு வருஷம் கழித்து ஒரு டப்பா நிறைய பெயர் தெரியாத நட்டு, போல்ட்டோடு நிற்பவர்கள் இதைச் செய்யாதவர்கள்தான்.

2. பாடி வேலை: பழைய பெயின்டை முழுசாக நீக்கினால்தான் உண்மை தெரியும். அழுகிய தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வார்கள். டிங்கரிங் முடிந்து, துரு தடுக்கும் பிரைமர் அடித்து, அதற்குப் பிறகுதான் பெயின்ட். நேரமும் பணமும் அதிகம் சாப்பிடுவது இந்தக் கட்டம்தான்.

3. எஞ்சின்: இந்த எல்24 எஞ்சின் உழைப்புக்குப் பெயர் பெற்றது. ஆனால் பல வருஷம் நின்ற எஞ்சினை எடுத்ததும் சாவி போட்டு ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு ஊறவைத்து, கையால் சுற்றிப் பார்க்கணும். பெட்ரோல் டேங்கில் சேர்ந்த கசடையும் துருவையும் சுத்தம் செய்யணும். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைப் பதம் பார்க்கும் என்பதால், அவற்றை மொத்தமாக மாற்றிவிடுவது பாதுகாப்பு.

1973 மாடல் காருக்கு ஒரு தனிப் பிரச்சனை உண்டு. புகைக் கட்டுப்பாட்டுக்காக அதில் மாற்றிய கார்புரேட்டர், சூட்டில் மக்கர் பண்ணும். நிறைய பேர் அதைக் கழற்றிவிட்டு, முந்தைய மாடலின் கார்புரேட்டரை மாட்டிக்கொள்கிறார்கள்.

4. பிரேக்: எஞ்சின் ஓடுது என்ற சந்தோஷத்தில் ரோட்டுக்குப் போகாதீங்க. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், பிரேக் ஹோஸ் எல்லாம் 50 வருஷ ரப்பர். முதலில் நிற்கணும், பிறகுதான் ஓடணும்.

5. வயரிங்: இந்தக் காரில் ஹெட்லைட்டுக்குப் போகும் மின்சாரம் முழுக்க சுவிட்ச் வழியாகவே போகும். வயசான சுவிட்சும் ஃபியூஸ் பாக்ஸும் சூடாகி உருகும். தனி ரிலே வைத்து இதைச் சரிசெய்வது இன்று வழக்கமான வேலை.

6. உள்ளே: வெயிலில் நின்ற 240 இசட் என்றால் டேஷ்போர்டு வெடித்திருக்கும். வெடிப்பே இல்லாத அசல் டேஷ்போர்டு கிடைப்பது அபூர்வம்.

அசலா, மாற்றமா?

இந்த உலகத்தில் எப்போதும் ஓடும் பட்டிமன்றம் இதுதான். ஒரு தரப்பு, ஆலையிலிருந்து வந்த அதே கலர், அதே வீல், அதே எஞ்சின் என்று நிற்கும். இன்னொரு தரப்பு ஸ்கைலைன் ஜிடி-ஆரின் டர்போ எஞ்சினையோ, அமெரிக்க வி8 எஞ்சினையோ தூக்கி வைக்கும்.

இதற்கு ஒரு நடுவழி இருக்கு. தகட்டை வெட்ட வேண்டிய மாற்றம், திரும்பப் பெற முடியாத மாற்றம். போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகிவிடுகிற மாற்றம் வேற. இரண்டாவது வகையோடு நிறுத்திக்கொண்டு, கழற்றிய அசல் பாகங்களைப் பத்திரமாக வைத்தால், காரின் மதிப்பும் போகாது, ஓட்டுற சுகமும் குறையாது.

ஏற்கெனவே நல்ல நிலையில், அசல் பெயின்டோடு இருக்கும் காரை மீட்டெடுக்கவே கூடாது என்பவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கு. புது பெயின்டை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். 1970-ல் ஆலையில் அடித்த பெயின்டை மறுபடியும் அடிக்க முடியாது.

கம்பெனிகளே களத்தில்

1990-களின் பிற்பகுதியில் நிசானின் அமெரிக்கப் பிரிவே பழைய 240 இசட் கார்களை வாங்கி, ஸ்பெஷலிஸ்ட் பட்டறைகளில் புதுசு போல ஆக்கி, சுமார் 25,000 டாலருக்கு விற்றது. சில டஜன் கார்களோடு அந்தத் திட்டம் நின்றுபோனது.

இப்போது ஜப்பானிய கம்பெனிகள் வேறு வழியில் உதவுகின்றன. நிசான் 2017 முதல் ஸ்கைலைன் ஆர்32 ஜிடி-ஆர் காருக்கு ஸ்பேர் பார்ட்ஸை மறுபடியும் தயாரிக்கிறது. மாஸ்டா தன் முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 காரை வாடிக்கையாளரிடமிருந்து வாங்கி மீட்டெடுத்துத் தரும் சேவையை ஜப்பானில் 2018-ல் தொடங்கியது. டொயோட்டா 2020-ல் பழைய சூப்ரா, 2000ஜிடி கார்களுக்கான பாகங்களை அறிவித்தது.

காசு கணக்கு என்ன?

ஒரு கணக்குக்கு இப்படி வச்சுக்கோங்க. 15,000 டாலருக்கு ஒரு துருப்பிடித்த காரை வாங்கி, அதன் மேல் 50,000 டாலர் செலவு செய்தால், கையிலிருந்து போனது 65,000. அதே காலத்தில், யாரோ ஒருவர் ஏற்கெனவே முடித்துவைத்த கார் 50,000 டாலருக்குக் கிடைத்தால்? 15,000 டாலர் நஷ்டம். கூடவே உங்கள் சனி, ஞாயிறுகளும்.

அதனால், லாபத்துக்காக மீட்டெடுக்க நினைப்பவர்களுக்கு அனுபவசாலிகள் சொல்வது ஒன்றே ஒன்று: முடித்த காரை வாங்குங்க. வேலை செய்வதே பிடித்திருக்கு என்பவர்கள் மட்டும் முடியாத காரை வாங்குங்க.

வாங்கிய பிறகும் செலவு நிற்காது. ஜப்பானில் 13 வருஷம் தாண்டிய பெட்ரோல் கார்களுக்கு வாகன வரி சுமார் 15 சதவீதம் அதிகம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 'ஷாகென்' எனப்படும் கட்டாயப் பரிசோதனையும் உண்டு. அமெரிக்காவில் கிளாசிக் கார்களுக்கென்றே, மதிப்பை முன்கூட்டியே பேசி முடிவு செய்யும் இன்ஷூரன்ஸ் இருக்கு. ஆனால் தினசரி ஓட்டுவதற்குக் கட்டுப்பாடுகள் வரும்.

கடைசியாக, முடிவெடுக்கும் முன் மூன்று கேள்வி

- காரை நிறுத்த, மழை படாத இடம் இருக்கா?
- திட்டமிட்ட பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்கு ஆனாலும் தாங்குமா?
- மூணு வருஷம் கார் ஓடாமல் நின்றாலும் ஆர்வம் குறையாதா?

மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் தாராளமா இறங்கலாம். ஒன்றுக்காவது 'இல்லை' என்றால், காந்தத்தை எடுத்துக்கொண்டு முடித்த காரைத் தேடிப் போங்க. வேலையை இன்னொருவர் முடித்திருந்தாலும், 240 இசட் ஓட்டுற சுகம் அதேதான்.