ஈஸ்ட் பெங்கால் அன்பர்களின் கவலை

கல்கத்தாவுக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இந்நகரத்தார் இரண்டு விஷயங்களைக் கேளாமலே போதித்து விடுகிறார்கள். ஒன்று மீனின் பெருமை. மற்றொன்று கால்பந்தின் பெருமை. முன்னதைக் கற்க மறுத்துவிட்ட சைவக் குடும்பங்கள் நம்மிடையே அநேகம் உண்டு. பின்னதிலிருந்து தப்பியவர் மிகச் சிலரே. அலுவலகத்தில் புதிதாக ஒருவர் வந்து அமர்ந்தால், அவருடைய ஊரையும் பேரையும் விசாரித்த கையோடு, "தாதா, நீங்கள் எந்தப் பக்கம்? மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா?" என்ற கேள்வி பிறந்துவிடும். நகரின் பெயர் 2001-ல் கொல்கத்தா என மாறிற்று. இக்கேள்வி மட்டும் மாறவில்லை.

நாம் ரயில்வே அலுவலகமொன்றில் குமாஸ்தாவாக இருக்கிறோம். நம் பிரிவிலுள்ள வங்காள நண்பர்களில் பாதிப்பேர் ஈஸ்ட் பெங்கால் அபிமானிகள். 2020 முதல் 2025 வரை நடந்த இந்தியன் சூப்பர் லீக் பருவங்கள் ஐந்திலும், பந்தயத்திற்கு மறுநாள் அவர்கள் முகம் வாடி வந்து அமர்ந்ததை நாம் நேரில் கண்டோம். முதற்பருவத்தில் ஒன்பதாம் இடம். அடுத்ததில் பதினோராம் இடம், அதாவது கடைசி இடம். பின்னர் தொடர்ந்து மூன்று முறை ஒன்பதாம் இடம். நூற்றாண்டு விழாக் கண்ட ஒரு கழகத்துக்கு வாய்த்த நிலை இது. அந்நாட்களில் அவர்கள் பட்ட கவலையையும், அக்கவலை பயிற்சியாளர்கள்மீது கோபமாகப் பாய்ந்த விதத்தையும், அதனால் நாம் அறிந்துகொண்டதையும் சங்க அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

ஊர் இழந்தோரின் கழகம்

இக்கவலையின் வேரை அறியச் சிறிது பழங்கதை வேண்டும். 1920-ஆம் ஆண்டு ஜூலை 28-ல் ஜோராபாகான் என்ற கழகம் மோகன் பகானை எதிர்த்து ஆடியபோது, சைலேஷ் போஸ் என்ற கிழக்கு வங்காளத்து ஆட்டக்காரர் அணியிலிருந்து விலக்கப்பட்டார். ஜோராபாகானின் உபதலைவராயிருந்த சுரேஷ் சந்திர சௌதுரி அவருக்காகப் பரிந்து பேசியும் பலன் விளையவில்லை. மனம் நொந்த சுரேஷ் பாபு வெளியேறி, நண்பர் சிலருடன் கூடி ஆகஸ்டு 1-ஆம் தேதி நிறுவியதே ஈஸ்ட் பெங்கால் கழகம். சிவப்பும் பொன்னும் அதன் நிறங்கள். தீவட்டி அதன் சின்னம்.

1947-ல் தேசம் பிரிவினையுற்றபோது இக்கழகத்தின் பொருளே மாறிப்போயிற்று. டாக்காவும் பரிசாலும் அயல்நாடாயின. லட்சக்கணக்கானோர் எல்லை கடந்து வந்தனர். சியால்தா ரயில் நிலையத்தின் நடைமேடைகளையே வீடாகக் கொண்டு அகதிக் குடும்பங்கள் நாட்களைக் கழித்தன. வீடு போயிற்று, நிலமும் குளமும் தோப்பும் போயின. கிழக்கு வங்காளம் என்ற மாகாணப் பெயர்கூட 1955-ல் கிழக்குப் பாகிஸ்தான் என்று மாறிவிட்டது. இந்நகரில் அப்பெயரைக் கொடியில் எழுதி உயரே பறக்கவிட்ட இடம் மைதானத்திலுள்ள அந்தக் கூடாரம். ஆகவே, குடிசையிற் கிடந்தவனும் ஈஸ்ட் பெங்கால் வென்ற நாளில், உல்லம் என்று நாம் கூறும் இலீஷ் மீனைக் கடன்பட்டாவது வாங்கிச் சென்றான். மோகன் பகான் வென்றால் எதிர்த் தரப்பார் வீட்டில் இறால் கொதிக்கும். இன்றும் இவ்வழக்கம் மறையவில்லை.

ஊரை விட்டுப் புறப்பட்டு வந்த நமக்கு இது விளங்காத விஷயமன்று. நாமாவது விடுமுறை கிடைத்தால் ரயிலேறித் தஞ்சைக்கும் நெல்லைக்கும் போய் வரலாம். அவர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. தொண்ணூறு நிமிஷப் பந்தயமே அவர்கள் ஊருக்குப் போய் வந்த பயணம்.

தெற்கிலிருந்து வந்தவர்கள்

அகதிகளின் கண்ணீரைத் துடைத்த அக்காலத்து அணியின் முன்னணி ஆட்டக்காரர் ஐவரும் வங்காளிகள் அல்லர் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நலம். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே என்ற அவ்வைவரும் தென்னாட்டினர். வங்காள மக்கள் அவர்களைப் பஞ்ச பாண்டவர் என்று கொண்டாடினார்கள். 1949, 1950, 1951 ஆகிய மூன்றாண்டுகளும் ஐ.எப்.ஏ. கேடயம் ஈஸ்ட் பெங்கால் வசமே இருந்தது.

அவர்களுக்குப் பின் வந்தவர் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, கல்கத்தாவுக்கு வந்து, 1961-ல் ஈஸ்ட் பெங்காலின் தலைவராக நின்று லீக் பட்டத்தை வென்று தந்தார். பின்னர் பெங்கால் நாக்பூர் ரயில்வே அணியிலும் ஆடினார். 2023 பிப்ரவரி 16-ல் இந்நகரிலேயே அவர் காலமானபோது வங்காளிகள் தம் வீட்டுப் பெரியவரை இழந்ததுபோல் துக்கம் அனுஷ்டித்தனர்.

கைக்கு எட்டியது

அணியின் தாழ்வு ஒரே நாளில் நேர்ந்ததன்று. 1970 முதல் 1975 வரை ஆறாண்டுகள் இடைவிடாமல் கல்கத்தா லீக் வென்ற கழகம் இது. 2003-ல் சுபாஷ் பௌமிக் அவர்களின் பயிற்சியில் ஜகார்த்தாவுக்குச் சென்று ஆசியான் கழகக் கோப்பையை வென்று வந்தது. தேசிய லீக் மூன்று முறை கிட்டியது. கடைசியாகக் கிட்டியது 2004-ல். அதன்பின் அப்பட்டம் நழுவிக்கொண்டே போயிற்று.

2018-19-ஆம் பருவத்து ஐ-லீக் பந்தயத்தில் நமக்கே ஒரு தர்மசங்கடம் நேர்ந்தது. அப்பருவத்தின் இறுதி நாளில் முதலிடத்துக்குப் போட்டியிட்டவை கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி அணியும் ஈஸ்ட் பெங்காலுமே. இரண்டும் தத்தம் பந்தயத்தில் வென்றன. சென்னை 43 புள்ளிகள், ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளியில் பட்டம் தமிழ்நாட்டுக்குச் சென்றது. வீட்டில் நாம் மகிழ்ந்தோம். அலுவலகத்தில் அம்மகிழ்ச்சியை மறைத்தோம்.

பயிற்சியாளர் படும் பாடு

2020 செப்டம்பர் இறுதியில்தான் ஈஸ்ட் பெங்கால் இந்தியன் சூப்பர் லீக்கில் சேர்க்கப்பட்டது. நவம்பர் 27-ல் முதற் பந்தயம். எதிரி மோகன் பகான். இடையிலிருந்தவை இரண்டே மாதங்கள். லிவர்பூலில் புகழ்பெற்ற ராபி பவுலர் பயிற்சியாளராக வந்தார். ஏனைய அணிகள் தேர்ந்தெடுத்தபின் எஞ்சியவர்களைக் கொண்டே அவர் அணி அமைக்க வேண்டியிருந்தது. பந்தயங்கள் யாவும் தொற்றுநோய் காரணமாகக் கோவாவில், பார்வையாளர் இன்றி நடந்தன. இருபது பந்தயங்களில் மூன்றே வெற்றி.

மறு ஆண்டு முதலீட்டாளருக்கும் கழக நிர்வாகத்துக்கும் ஒப்பந்தத் தகராறு முற்றியது. 2021 ஜூலை 21-ல் கழகத்தின் வாயிலில் திரண்ட அபிமானிகள்மீது போலீசார் தடியடி நடத்தும் அளவுக்கு அது வளர்ந்தது. தகராறு தீர்வதற்குள் கோடை கழிந்துவிட்டது. ஆட்டக்காரரைத் தேட நாள் இல்லை. ஸ்பெயின் தேசத்து மனோலோ டயஸ் வந்தார். வெற்றி ஒன்றும் காணாமல் டிசம்பரிலேயே விலகினார். அப்பருவம் முழுவதிலும் கிட்டிய வெற்றி ஒன்றே. அடுத்த ஆண்டு, 2022-ல், புதிய முதலீட்டாளருடன் ஒப்பந்தம் கையெழுத்தானது ஆகஸ்டு மாதம். இந்திய அணிக்கே பயிற்சியளித்த ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் பொறுப்பேற்றார். மீண்டும் ஒன்பதாம் இடம்.

இவ்வாறு ஐந்து பருவங்களில், இடைக்காலப் பொறுப்பாளர்களைக் கணக்கில் சேர்க்காமலே, பயிற்சியாளர் அறுவர் வந்தனர். ஒவ்வொருவர் வரும்போதும் விமான நிலையத்தில் மாலை. தோற்கத் தொடங்கியதும் விலகிப் போ என்ற கோஷம். காலத்தில் விதைக்காதவன் அறுவடைக்கு வந்தவனை வைதாற்போல் இருந்தது இது.

நம் பக்கத்து மேஜை நண்பர் ஒருவர், பரிசாலிலிருந்து வந்த குடும்பத்தவர், பயிற்சியாளரை வைவதில் எவருக்கும் இளைத்தவர் அல்லர். "இவ்வளவு மனக்கஷ்டம் எதற்கு, தாதா? விட்டுத் தொலைக்கலாமே!" என்று ஒரு நாள் கேட்டோம். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "என் தாத்தா வீட்டை விட்டுவிட்டு வந்தார். இன்னும் எதை விடச் சொல்கிறீர்கள்?" என்றார். நாம் மேற்கொண்டு பேசவில்லை.

நம்மவர் கால் பட்ட பந்து

2023 ஏப்ரலில் கார்லஸ் குவாட்ராட் நியமனம் பெற்றார். பெங்களூர் அணிக்குச் சூப்பர் லீக் பட்டம் வாங்கித் தந்தவர் அவர். முன்னவர்களுக்குக் கிட்டாத ஒன்று அவருக்குக் கிட்டியது, அதுதான் அவகாசம். ஆட்டக்காரரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க ஒரு கோடைக்காலம் முழுதும் கையில் இருந்தது.

பலன் உடனே தெரிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 12-ல், டுராண்ட் கோப்பைப் பந்தயத்தில், ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை ஒரு கோலால் வென்றது. அதற்குமுன் எட்டு முறை தொடர்ந்து மோகன் பகானிடம் தோற்றிருந்தது. அந்தக் கோலை அடித்தவர் சென்னையில் பிறந்த நந்தகுமார் சேகர். மறுநாள் அலுவலகத்தில் நமக்கு நடந்த உபசாரத்தைப் பார்த்தால், கோலை நாமே அடித்ததாகப் பிறர் எண்ணியிருப்பார்கள். 2024 ஜனவரி 28-ல் புவனேசுவரத்தில் ஒடிசா அணியை 3-2 என்ற கணக்கில் வென்று சூப்பர் கோப்பையை அடைந்தபோதும் நந்தகுமார் ஒரு கோல் அடித்தார். தேசிய அளவில் ஒரு கோப்பை வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆனால், கதை அத்துடன் சுபமாக முடியவில்லை. 2024-25 பருவத்தில் முதல் மூன்று லீக் பந்தயங்களிலும் தோல்வி. செப்டம்பர் 30-ல் குவாட்ராட் விலகினார். 1975-ல் அதே செப்டம்பர் 30-ல்தான் கேடய இறுதிப் பந்தயத்தில் மோகன் பகானை 5-0 என ஈஸ்ட் பெங்கால் வீழ்த்தியது. ஒரே தேதிக்கு எத்தனை முகங்கள்! அவர் விலகிய பின்னும் தோல்வி நிற்கவில்லை. வரிசையாக ஆறு ஆயிற்று. புதிதாக வந்த ஆஸ்கார் புருசோன் அதே ஆட்டக்காரர்களைக் கொண்டு பூட்டான் சென்று, ஆசியச் சேலஞ்ச் லீக்கில் கால் இறுதிக்குத் தகுதி பெறச் செய்தார். நவம்பர் 9-ல் முகம்மதன் ஸ்போர்ட்டிங்குடன் ஆடியபோது, அரை மணி ஆவதற்குள் நந்தகுமார் உட்பட இருவர் வெளியேற்றப்பட்டனர். எஞ்சிய ஒன்பது பேர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்து ஒரு கோலும் விடாமல் முடித்தனர். அப்பருவத்தின் முதற் புள்ளி அதுவே. வென்றதுபோல் அபிமானிகள் ஆரவாரித்தனர்.

ஆகவே, பயிற்சியாளரால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்று நாம் கூற வரவில்லை. கை மாறியதும் சோர்ந்த அணி நிமிர்ந்ததைக் கண்ணாரக் கண்டோம். எனினும், புருசோனும் அப்பருவத்தை ஒன்பதாம் இடத்தில்தான் முடித்தார். இழந்த ஆறு பந்தயங்களை எந்த மருந்தாலும் மீட்க முடியாதல்லவா?

ஒரு பழைய உதாரணம்

ரயில்வேக்காரர் என்ற முறையில் பி. கே. பானர்ஜி அவர்களைப் பற்றிக் கூறாமல் இக்கட்டுரையை முடிக்க மனம் வரவில்லை. கிழக்கு ரயில்வே ஊழியரான அவர், 1958-ல் ரயில்வே அணியைக் கல்கத்தா லீக் பட்டம் பெறச் செய்தவர்களுள் முதன்மையானவர். பெருங்கழகங்கள் மூன்றையும் பின்தள்ளிய அந்த வெற்றி இன்றும் நம் இலாகாவின் பெருமை. 1972-ல் அவர் ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளரானார். 1975 வரை நான்கு பருவங்கள் ஒரே கையில் பொறுப்பு இருந்தது. நான்கிலும் லீக் பட்டம். ஆட்டக்காரர் மனத்தில் உரமேற்ற அவர் ஆற்றிய உரைகளை வங்காளத்தார் டானிக் என்றே வேடிக்கையாக அழைத்தனர். 2020 மார்ச் 20-ல் அவர் மறைந்தார். அவர் திறமை பெரிது; அத்திறமைக்கு இடம் கொடுத்துப் பொறுத்திருந்த நிர்வாகத்தின் பங்கும் சிறிதன்று.

தோல்வி கண்டதும் ஒருவரைப் பலியிட்டால் மனம் ஆறும் என்பது மனித இயல்பு. ஆண்டுதோறும் காரியதரிசியை மாற்றிப் பழகிய நம் சங்கத்துக்கும் இது புதிதன்று! அபிமானி கோபிக்கலாம், அது அவன் உரிமை. கோபிக்குமுன் அவன் கேட்கத்தக்க கேள்விகள் சில உண்டு. பயிற்சியாளருக்கு எத்தனை நாள் அவகாசம் கிடைத்தது? ஆட்டக்காரரைத் தேர்ந்தவர் யார்? ஒப்பந்தத்தைக் கடைசி நாள்வரை இழுத்தடித்தவர் யார்? விடை கிடைத்தபின் குரல் எழுப்பினால் அது போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சேரும்.

சால்ட் லேக் மைதானத்துக்கு நம் பிள்ளைகள் வங்காளத் தோழர்களுடன் போகிறார்கள். சிவப்பும் பொன்னும் பூசிக்கொண்டு வருகிறார்கள். தாய்மார்கள் இதைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்பது நம் வேண்டுகோள். ஜயிக்கும் பக்கத்தில் நிற்க எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்பதாம் இடத்திலுள்ள அணிக்காகச் சீட்டு வாங்கிக்கொண்டு, மழையில் நனைந்து நிற்கும் மனிதர்களுடன் பழகுவது பிள்ளைகளுக்கு ஒரு நல்ல பாடம். வந்தேறிய ஊரில் நமக்கும் அந்தப் பொறுமை நித்தமும் வேண்டியிருக்கிறது.